மைக் செட்டுக்காரன் வீட்டுப் பாட்டு

என் மனைவி இறந்து கிடந்த அன்று, அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துபோய் ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிளைக் குறைத்துவிட்டு வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

திருத்தணியில் மைக் செட் வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக இதுதான் தொழில். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், கட்சிக் கூட்டம், சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மைக் செட்டுக்காரன் வீட்டில் சாவு விழுந்தால் மற்ற செட்டுக்காரர்கள் யாரும் கூப்பிடாமலே வந்து ஸ்பீக்கர் பெட்டி கட்டிவிடுவார்கள். அன்று முதலில் வந்தவர் அரக்கோணம் சாலையில் கடை வைத்திருப்பவர். இருபது வருடமாக எனக்கும் அவருக்கும் ஆகாது. தெருமுனையில் இரண்டு பெட்டி, வாசலில் இரண்டு பெட்டி வைத்து ஒயர் இழுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

சாவு வீட்டுக்கென்று எங்கள் எல்லோரிடமும் இருப்பது ஏறக்குறைய ஒரே வரிசைதான். உடம்பும் உறவும் நிலையில்லை என்கிற தத்துவப் பாட்டுகள். முதல் பாட்டிலேயே வாசலின் இடதுபக்கப் பெட்டி சீற ஆரம்பித்தது. ஒயர் சரியாகச் சொருகவில்லை, போதாததற்குக் கீச்சுச் சத்தம் தருகிற ட்ரெபிளை எக்கச்சக்கமாக ஏற்றி வைத்திருக்கிறார் மனுஷன். சுற்றி எல்லோரும் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். என் காது மட்டும் அந்தப் பெட்டியிடம் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது பாட்டு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் எழுந்துவிட்டேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகி, ட்ரெபிளைக் குறைத்து, பேஸைக் கொஞ்சம் ஏற்றினேன். சத்தம் சீரானதும் வேலை முடிந்தால் தலையாட்டுவதுபோலத் தலையை ஆட்டியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் நிலைப்படியில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா அங்க கெடக்குறா. நீ பெட்டிய திருகிகினு நிக்கற” என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். அவள் மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். காரியம் முடிகிறவரை என்னிடம் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் ரயிலேறி அம்பத்தூருக்குப் போய்விட்டாள். கல்யாணமாகி அங்கேதான் இருக்கிறாள், அங்கேயே வேலை.

அவள் அம்மாவுக்கு வியாதி என்று எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர் வேலை. அன்றும் வேலைக்குக் கிளம்பித்தான் நின்றாள். செருப்பு மாட்டக் குனிந்தவள் மூச்சு வாங்குது என்று படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் மகள் போன் செய்தாள்.

“நைனா, தூக்கமே வர மாட்டேங்குது. வேலைக்குப் போக சொல்ல ட்ரெய்ன்ல அழுதுகினே போறேன். பக்கத்துல இருக்கறவங்கள்லாம் பாக்கறாங்க. நீ ஒண்ணு பண்ணு. அம்மாவுக்குப் புடிச்ச பாட்டெல்லாம் ஒண்ணா சேத்து ஒரு ப்ளேலிஸ்ட் போட்டு அனுப்பு. அத்தயாவது கேட்டுகினு போறேன். உனக்குத் தெரியாத பாட்டா?”

“ஆங், இன்னிக்கே அனுப்பறேம்மா” என்றேன். பேசாமலிருந்த பிள்ளை வாயைத் திறந்து ஒன்று கேட்டிருக்கிறது. வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கடைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். ஃபோல்டர் ஃபோல்டராக ஆயிரக்கணக்கில் பாட்டு இருக்கிறது. என் மனைவிக்குப் பிடித்தது என்று ஒன்றைத் தொடலாமென்றால், ஒன்றுமே தெரியவில்லை.

இந்த ஊரில் யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று என்னைக் கேளுங்கள். மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணமென்றால் எந்தப் பாட்டுக்குப் பெரியவர் எழுந்து ஆடுவார், எந்த வீட்டு விசேஷத்தில் எந்தப் பாட்டைத் தப்பித்தவறியும் போடக்கூடாது, அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டுதான் அவர்கள் வீட்டுப் பையன் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு நகரிப் பக்கம் ஓடிப்போனான், எல்லாம் அத்துபடி. கூடப் படுத்து எழுந்தவளுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் தெரியாது. தெரியாது என்றுகூட நான் நினைத்ததில்லை. அவளுக்குப் பாட்டே பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விசேஷ வீடுகளில் யாராவது, “உங்க ஊட்ல இருபத்திநாலு மணி நேரமும் பாட்டுதான் போல” என்றால், “அட நீங்க வேற, எங்க ஊட்டம்மாவுக்குப் பாட்டுன்னாலே ஆவாது” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தெரியாது என்று மகளிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அந்த வயதுப் பெண்களுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றிய இருபது பாட்டைப் பொறுக்கிக் கோத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

“நைனா, மொதப் பாட்டு புள்ளையாரு. ரெண்டாவது முருகரு. மூணாவது தாய்மாமன் சீர் பாட்டு. கடசில எல்லாரும் சாப்ட்டுப் போங்கன்னு ஒரு பாட்டு. இது காதுகுத்து லிஸ்டு நைனா.”

எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளையார் பாட்டு போடாமல் எங்கள் ஆட்கள் கை எந்த நல்ல காரியத்தையும் ஆரம்பிக்காது. புதுப் பெட்டி வாங்கிச் சோதித்துப் பார்ப்பதென்றாலும் அதுதான் முதல் பாட்டு. பிள்ளையார் வந்துவிட்டால் அடுத்தது மலைமேல் இருப்பவர், அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகக் கை தானாகப் போய்க்கொண்டே இருக்கும்.

“உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன்” என்றாள்.

“யாருக்குத் தெரியாது? எனக்கா தெரியாது? முப்பது வருசமா இதுல கொட்ட போட்டுகினு இருக்கேன், எனக்குப் பாட்டு சொல்லித் தர வந்துட்டியா நீ?” என்று கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள். கடைக்கு எதிரே பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னவளிடம் கத்தியிருக்கிறேன் என்பது கத்தி முடித்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்? அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதைக்கூடச் செய்ய முடியாவிட்டால் இனி அவள் எதற்காக இந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று தோன்றியது. அம்மாவும் இல்லாத வீடு.

அடுத்த நாள் பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன். அங்கே என் மைத்துனன் இருக்கிறான், என் மனைவிக்குத் தம்பி. வீட்டிலேயே நான்கு தறி, கரண்டில் ஓடுவது. கூடத்தில் கால் வைத்தால் காதுக்குள் யாரோ கல்லை உருட்டுகிற சத்தம். எனக்கே அது அதிகம். நான் வந்ததைப் பார்த்துத் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, “வாங்க பாவா” என்று பாய் போட்டான். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“அக்காவுக்கு இன்னா பாட்டு புடிக்கும்?”

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “உங்களுக்குத் தெரியாதா பாவா?”

“தெரியும். உனக்குத் தெரிஞ்சதும் சேத்துக்கலாமேன்னுதான்.”

“அக்காவுக்குப் பாட்டுன்னா உசுரு பாவா. தறி ஓட சொல்ல ரேடியோ இன்னா கேக்கும்? அக்காதான் எங்களுக்கு ரேடியோ. மத்தியானம் சாப்பாட்டுக்குத் தறி நிறுத்துவோம் பாருங்க, அந்தக் கொஞ்ச நேரத்துல திருப்பதி ஸ்டேஷன் போட்டுக் காதக் குடுத்துகினு இருப்பா. தறி மறுபடி ஓட ஆரமிச்சா கேட்ட பாட்ட அப்படியே எடுத்து உடுவா. எல்லாம் தெலுங்குப் பாட்டு. அந்தச் சத்தத்துக்கு மேல கேக்கணும்ல? தொண்ட கிழிய பாடுவா.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நீங்கள்லாம் பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னிக்குக்கூடப் பாடிகினுதான் இருந்தா. நீங்க வர்றத பாத்து நாங்க தறிய நிறுத்தினோம். அவளும் நிறுத்திட்டா.”

அன்று நான் பார்த்தது தலை குனிந்து காபித் தட்டோடு வந்த ஒரு பெண்ணை. அமைதியான பொண்ணு என்று என் அம்மாவிடம் அப்போது சொன்னேன்.

அவன் யோசித்து யோசித்து ஐந்து பாட்டு சொன்னான். இரண்டு எனக்குத் தெரியும், ஆந்திரா பக்கத்துக் கல்யாணங்களில் போட்டிருக்கிறேன். மூன்று கேள்விப்பட்டதே இல்லை. அவன் ஒவ்வொன்றையும் ஓரிரு வரி முனகிக் காட்ட, போனில் பதிவு செய்துகொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்கு, மறந்தே போயிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

கல்யாணமாகி முதல் வருடம். கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் மூன்று நாள் செட் போட்டிருந்தேன். காவடிக் கூட்டம், பம்பை, உடுக்கை, அதற்கு மேலே என் பெட்டிகள். வீட்டுக்கு வந்தபோது காதுக்குள் கொய்யென்று ஒரே சத்தம். சமையலறையில் அவள் ரேடியோவைப் போட்டுவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் நேராகப் போய் ஒயரைப் பிடுங்கி ரேடியோவைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். “வெளியதான் நாள் பூரா பாட்டு. ஊட்லயாவது மனுசன் காது ஆறட்டும்” என்றேன். அவள் சரி என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அடிக்கவில்லை, திட்டவில்லை. அதற்கப்புறம் நான் இருக்கும்போது அந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டதில்லை. அதைத்தான் பிடிக்காது என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நானே அடைத்த வாயைப் பார்த்து, ஊமை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு நான் மிச்சச் சில்லறை கேட்கும்வரைகூட நிற்காமல் நகர்ந்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அம்மாவும் என் மனைவியும் பதினான்கு வருடம் ஒரே அடுப்பில் வேலை பார்த்தவர்கள். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்பேன். போனபோது பெரிய அலுமினியக் குண்டானில் வேகவைத்த முட்டைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு இன்னும் வேறு ஆள் போடவில்லை.

“வெட்டியா நிக்காத தம்பி, உக்காந்து முட்ட உரி. உரிச்சிகினே பேசு” என்றார்.

உரித்துக்கொண்டே கேட்டேன். அவர் கை நின்றுவிட்டது.

“பாடாம அவ ஒரு நாள் சாம்பார் தாளிச்சதில்ல. பசங்க தட்ட எடுத்துகினு சன்னலாண்ட வந்து நிக்கும், பாட்டு கேக்கறதுக்கே. உனக்கு இன்னா, ஊட்ல பாட மாட்டாளா? எப்படிப் பாடுவா? உன் வண்டிச் சத்தம் தெருமுனைல கேட்டாலே ரேடியோவ அமுக்கிடுவேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே.”

“சிரிப்பாளா?”

“சிரிப்பா. எனக்குத்தான் ஆத்திரமா வரும். இன்னாடி உன் புருசன் பெரிய இவனான்னு கேப்பேன். அவருக்குக் காது வலிக்கும்கா, பாவம்னுவா.” பிறகு என் கையிலிருந்த முட்டையைப் பார்த்து, “வெள்ளக் கருவையும் சேத்துப் பிச்சிகினு இருக்க. குடு இப்படி” என்று வாங்கிக்கொண்டார்.

பாவம் என்று அவள் சொன்னாளாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இடத்தில், முட்டை ஓட்டுக்கு நடுவில், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பங்கு முட்டைகளையும் உரித்துப் போட்டார். பிறகு அவராகவே மூன்று பாட்டு சொன்னார். மூன்றும் தமிழ். ஒன்று குத்துப்பாட்டு.

“இன்னொண்ணு இருக்குது தம்பி. அது எந்தப் படமோ எனக்குத் தெரியல. தாளிக்க சொல்ல மட்டும்தான் பாடுவா. பாதி தெலுங்கு மாதிரி இருக்கும், பாதி நம்ம பேச்சு. இப்படி வரும்” என்று இரண்டு வரி இழுத்தார். வார்த்தை சரியாக வரவில்லை. மெட்டு மட்டும் ஏறி, ஓரிடத்தில் தொங்கி, இறங்கியது.

அந்த மெட்டைக் கண்டுபிடிக்க நான் படாத பாடு இல்லை. ஃபோல்டர் எல்லாவற்றையும் புரட்டினேன். இணையத்தில் தேடினேன். மைத்துனனுக்குப் போனில் முனகிக் காட்டினேன், என் முனகலில் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புத்தூரில் இருக்கிற ஒரு செட்டுக்காரருக்குப் பாடிக் காட்டினேன். கடைசியில் வெட்கத்தை விட்டு அரக்கோணம் சாலைக்காரரிடமே போய்க் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நான்கு தடவை கேட்டுவிட்டு, “இது நம்ம லைன்லயே இல்லிங்களே” என்றார். அவருக்கே தெரியாத பாட்டு இருக்கிறதென்றால் முன்பெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

ஆக எட்டுப் பாட்டுதான் கிடைத்தது. எட்டையும் கோக்க உட்கார்ந்தால் மறுபடி கை பிள்ளையாரைத் தேடுகிறது. கையை அடக்கிக்கொண்டு, மைத்துனன் சொன்ன வரிசையில் ஐந்தையும் அக்கா சொன்ன வரிசையில் மூன்றையும் வைத்தேன். மகளுக்கு அனுப்புவதற்கு முன்னால் நான் ஒரு தரம் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கடையில் கேட்க மனம் வரவில்லை. காலையில் சமையலறை மேடையில் போனை வைத்து, போன் ஸ்பீக்கரிலேயே போட்டேன். அந்தத் தகர டப்பாச் சத்தத்தைப் பற்றி நான் எத்தனை பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன்! அன்று பெட்டியில் இணைக்கவே தோன்றவில்லை. ஏழாவதாக வந்தது குத்துப்பாட்டு. அதற்கு அழுகிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டு கேட்டால் மனது ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஒவ்வொரு பாட்டும் நீ வெளியே போனபிறகு இந்த வீட்டில் இது நடந்தது என்று சொல்கிறது. ஆனாலும் மறுநாளும் போட்டேன், அதற்கடுத்த நாளும் போட்டேன். காலையில் பல் துலக்கியதும் அதைப் போடாமல் ஒரு வேலை ஓடவில்லை. எட்டுப் பாட்டு ஓடுகிற நேரத்துக்கு அவள் அந்தச் சமையலறையில் இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். முடிந்ததும் போய்விடும். அது ஆறுதலா, இன்னொரு வேதனையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எட்டையும் மகளுக்கு அனுப்பினேன். கீழே, “ஒன்பதாவது ஒன்று இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன்” என்று எழுதினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் இல்லை. இரண்டு நாள் போனது, நான்கு நாள் போனது. கனகம்மாசத்திரத்தில் ஒரு நிச்சயதார்த்தம், அங்கே பெட்டி கட்டும்போதும் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் மகளே வந்து நின்றாள். பையை வைத்தாள், முகம் கழுவினாள், நேராகச் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எட்டும் சரிதான் நைனா” என்றாள், திரும்பாமல்.

“ஒம்பதாவது எந்தப் படம்னு தெரியலம்மா. யாருக்குமே தெரியல.”

“எனக்குத் தெரியும்.”

எனக்குப் புரியவில்லை. அவள் தண்ணீரை வடித்துவிட்டுச் சொன்னாள். “எல்லாமே எனக்குத் தெரியும். நீ செட்டு கட்டப் போனன்னா நானும் அம்மாவும் பாடிகினுதான் இருப்போம். சின்னதுல நான்தான் வாசல்ல நின்னு உன் வண்டி வருதான்னு பாப்பேன்.”

“அப்புறம் ஏம்மா என்ன போயி கேட்ட?”

அவள் குக்கரை மூடி அடுப்பில் வைத்தாள்.

“உனக்கு ஒண்ணாவது தெரியுமான்னு பாக்கணும்னு இருந்துச்சு. ஒண்ணு. அது தெரிஞ்சிருந்தா கூட, அன்னிக்குப் பெட்டி திருகினத மறந்துடலாம்னு இருந்தேன்.”

கோபம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன். வரவில்லை.

“தெரியாதும்மா. ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. எல்லாம் ஊரு ஊராப் போயி கேட்டு வந்ததுதான்” என்றேன்.

அவள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தெரியும். மாமா போன் பண்ணாரு. அந்தப் பெரியம்மாவும் பண்ணாங்க. முட்ட உரிச்சியாமே” என்றாள். சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அவள் அம்மா போனபிறகு இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று அழுதது அன்றுதான்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, “அந்த ஒம்பதாவது எந்தப் படத்துலயும் இல்ல நைனா. அம்மா கட்டினது. தறி ஓட்ட சொல்ல அவளே கட்டினது” என்றாள்.

அரக்கோணம் சாலைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

“பாடேன்” என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். ஒரு வரி வந்தது. தற்செயலாக என் பக்கம் கண் வந்தது, குரல் நின்றுவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், சுவரைப் பார்த்து நின்றேன். மூன்றாவது தடவை ஆரம்பம்கூட வரவில்லை.

“வரல நைனா. கோவம்லாம் இல்ல. நீ இருக்கன்னா வர மாட்டேங்குது.”

அவள் பொய் சொல்லவில்லை. நான் நுழைந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று பால் குடிக்கிற வயதிலிருந்து பழகிய தொண்டை அது. இருபத்தேழு வயதில் நான் பாடு என்றதும் எப்படிப் பாடும்?

“சரிம்மா. நான் கொத்தமல்லி வாங்கியாறேன். நீ தாளிச்சிகினு இரு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கொத்தமல்லி வீட்டிலேயே இருந்தது, அவளும் பார்த்திருப்பாள். தெருவில் இரண்டு எட்டு வைத்தேன், அதற்குமேல் நடக்க முடியவில்லை. சுற்றிக்கொண்டு வந்து சமையலறை ஜன்னலுக்குக் கீழே, பக்கத்து வீட்டுச் சுவரோரமாக நின்றேன். குக்கர் மூன்று முறை கூவி அடங்கியது. எண்ணெய்ச் சட்டி வைக்கிற சத்தம், கடுகு வெடிக்கிற சத்தம். அதற்கப்புறம் பாட்டு வந்தது.

நூல் அறுந்துபோச்சு, முடிச்சுப் போடுறேன், கொஞ்சம் பொறு, ஓடாதே என்று தறியிடம் கெஞ்சுகிற பாட்டு. கெஞ்சல் தெலுங்கில், திட்டுவது தமிழில். தறியை முன்கோபக்காரா, செவிட்டுப் பயலே என்றெல்லாம் செல்லமாகத் திட்டுகிறது. மகளுக்கு மேல் சுருதி எட்டவில்லை, அந்தத் தொங்குகிற இடத்தில் மூச்சு உடைகிறது. எதைத் திருக வேண்டும் என்று என் காது தேடவில்லை. போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தால் பதிவு செய்துவிடலாம், லிஸ்டு ஒன்பதாகிவிடும். போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் குடத்தோடு வந்தவர், “இன்னாங்க, உங்க ஊட்டு சன்னலாண்டயே நின்னுகினு” என்று ஆரம்பித்தார். உதட்டில் விரலை வைத்தேன். அவரும் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அவங்க பாடறாப்லயே இருக்குதுங்க” என்றார் மெதுவாக. “நீங்க செட்டு கட்டப் போற நாள்ல காலைல இத்தக் கேட்டுதான் நாங்கள்லாம் அடுப்பு பத்த வெப்போம்.”

தெருவே கேட்டிருக்கிறது. உள்ளே பாட்டு முடிந்தது. அந்தப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். சாம்பார் வாசனை ஜன்னல் வழியாக வந்தது, மகள் தட்டு எடுத்து வைக்கிறாள். இனி உள்ளே போகலாம்தான். போனால் இன்னொரு தரம் பாட மாட்டாள். பாடுவாளோ என்னவோ என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.